ஆறாவது அறை

லண்டனில் வீடு வாங்கினோம் என்றதும்
கொழும்பு மச்சாள்
அரண்மனைப் பக்கமோ என்று கேட்டாள்.
இது ஒன்டாரியோ லண்டன்.
இங்கேயும் ஒரு தேம்ஸ் ஓடுகிறது,
மார்கழியில் ஓரங்கள் உறைந்து.
கரையில் பல்கலைக்கழகம்.
அங்கிருந்து பஸ்ஸில் எட்டு நிமிடம் எங்கள் வீடு,
நாங்கள் ஒரு இரவும் படுத்தறியாத
எங்கள் வீடு.

ஸ்காபரோவிலிருந்து இரண்டரை மணி நேரம்.
கார் ஓட்டியபடி சிவநேசன் கணக்குச் சொல்வார்:
ஐந்து அறை, ஐந்து வாடகை,
மோர்ட்கேஜ், வரி, தண்ணீர், காப்புறுதி,
எல்லாம் போக மாதம் நூற்றிப்பத்து டொலர் கைநட்டம்.
வட்டி ஏறிய வருடம் அது.
வுட்ஸ்டொக் தாண்டும்போது அவருக்கு யோசனை வந்தது:
"சாப்பாட்டு அறையில ஆர் சாப்பிடுகினம்?
பெடியள் கட்டிலில இருந்து பீட்சா தின்னுதுகள்."

ஒரு சனிக்கிழமை.
பதினான்கு ஜிப்சம் பலகை, ஒரு கதவு,
இரண்டு வாளி வெள்ளை பெயின்ட்.
இருட்டுவதற்குள் ஆறாவது அறை பிறந்துவிட்டது.
சூடு வரும் துவாரம் மட்டும்
சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுபோனது.
பார்த்தோம்.
பார்த்துவிட்டுத்தான் பூசினோம்.

அந்த அறைக்குத் தோபே வந்தான்,
லாகோஸிலிருந்து, இரண்டு பெட்டியும் ஒரு ரைஸ் குக்கருமாக.
முதல் மாதத்தையும் கடைசி மாதத்தையும்
ஒன்றாகக் கட்டினான்.
கார்த்திகையில் அவனுடைய கடிதம்:

மதிப்புக்குரிய அம்மையீர்,
இரவு பன்னிரண்டு மணிக்கு என் அறையில் பதின்மூன்று பாகை.
தெர்மாமீட்டரின் படம் இணைத்துள்ளேன்.
இது மூன்றாம் முறை; முந்திய திகதிகள் கீழே.
நீங்கள் நல்லவர் என்று நம்புகிறேன்.
நம்பிக்கையையும் எழுத்தில் வைத்திருப்பது
இருவருக்கும் நல்லது.

"பார்க்கிறோம்" என்று பதில் போட்டேன்.
ஒரு சொல்.
வீட்டுக்காரி ஆன பின் நான் கற்ற
இலக்கணம் முழுவதும் அதற்குள் இருந்தது.

தையில் ஹலிஃபாக்ஸிலிருந்து மகள்.
"அம்மா, விறைக்குது.
வீட்டுக்காரன் போன் எடுக்கிறானில்லை.
கோட்டோடதான் படுக்கிறன்."
எனக்கு உச்சியில் ஏறியது.
ஒருத்தி பெத்த பிள்ளையைக் குளிரில் போட்டுவிட்டு
மாதம் தொள்ளாயிரம் எண்ணி வாங்கிறவன்
மனிசனோ என்று கத்தினேன்.
கோப்பை கழுவிக்கொண்டிருந்த சிவநேசன்
குழாயை நிறுத்தவில்லை. இன்னும் கொஞ்சம் திறந்தார்.

"கடிதம் போடு. நான் சொல்லச் சொல்ல எழுது.
மதிப்புக்குரிய ஐயா,
இரவு பன்னிரண்டு மணிக்கு என் அறையில்…
எத்தினை பாகை? அளக்கேல்லையோ?
நாளைக்கே தெர்மாமீட்டர் வாங்கு.
படம் எடுத்து இணை. திகதியளைக் கீழ போடு.
நீங்கள் நல்லவர் என்று"

நாக்கு அந்த இடத்தில் நின்றது.

"சூப்பர் அம்மா, பிறகு?
உதெல்லாம் எங்க படிச்சனீங்கள்?"

லைன் அறுந்ததுபோல் இருந்துவிட்டேன்.

ஞாயிறன்று போய்ச் சுவரை வெட்டினோம்.
வெள்ளைத் தூசுக்குள் கம்பளித் தொப்பியோடு நின்று
தோபே டோர்ச் பிடித்தான்.
இப்போது அந்த அறைக்குச் சூடு வருகிறது.
அடுத்த பக்கத்தில் ஹர்நூர்
தாயோடு சண்டை பிடிப்பதும் வருகிறது.
நன்றி என்று எழுதியிருந்தான், இருபது பாகை என்று.
சத்தம் பற்றித் தனியே எழுதுவானாம்.

ஹலிஃபாக்ஸ்காரனும் பதில் போட்டுவிட்டான்.
யதுர்ஷினி வாசித்துக் காட்டினாள்.
ஒரு சொல்.

திரும்பி வரும்போது, அதே வுட்ஸ்டொக்.
"பேஸ்மென்டில வோஷிங் மெஷினுக்குப் பின்னால
எட்டுக்குப் பத்து இடம் சும்மா கிடக்கு" என்கிறார்.
நான் கார்க் கண்ணாடியை இறக்குகிறேன்,
முழுவதுமாக.
"விசரே உனக்கு, பூட்டு!"
மடியில் கையை வைத்தபடி இருக்கிறேன்,
உள்ளே பதின்மூன்று பாகை ஆகட்டும் என்று.